டிரில் ரிசல்ட் வந்ததும் பங்கு வாங்குகிறவர்களுக்கு

தாது தேடும் சிறு நிறுவனங்களுக்கு விற்பனை வருமானம் கிடையாது. பங்கு விற்ற காசில் துளையிடுவார்கள். தீர்ந்ததும் மறுபடி பங்கு விற்பார்கள். அதனால் விலையைத் தூக்குவது பெரும்பாலும் டிரில் ரிசல்ட், அதாவது துளையிட்ட முடிவைச் சொல்லும் ஒற்றை வரி அறிவிப்புதான்: ‘30 மீட்டருக்கு, டன்னுக்கு 5 கிராம் தங்கம்.’

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 பெருக்கல் 5, 150. அறிவிப்பின் கீழுள்ள அட்டவணையில் ‘இதில் 1 மீட்டர், 140 கிராம்’ என்றிருந்தால், மிச்ச 29 மீட்டருக்கும் சேர்த்து 10தான். சராசரி 0.34 கிராம், நிலத்தடிச் சுரங்கத்துக்கு அது வெறும் கழிவுப் பாறை. சட்டப்படி தவறில்லை, ஆனால் தலைப்பில் அந்த 1 மீட்டர் கணக்கு வராது. தாது அடுக்கைத் துளை சாய்வாக வெட்டினால் நீளமும் கூடிவிடும். அடுக்கின் உண்மையான தடிமன் எவ்வளவு என்று சொல்லியிருக்கிறார்களா பாருங்கள்.

எண்ணே பொய்யாக இருந்தால்? கனடாவின் பிரி-எக்ஸ் நிறுவனம் 1997 தொடக்கத்தில், இந்தோனேசியாவின் புசாங்கில் 7 கோடி அவுன்ஸ் தங்கம் இருப்பதாகச் சொன்னது. துளையிலிருந்து வரும் உருளைப் பாறையை நீளவாக்கில் அறுத்து, பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பி, பாதியைப் பெட்டியில் வைப்பதுதான் வழக்கம். அங்கே ஏறக்குறைய முழுப் பாறையையும் நொறுக்கிவிட்டார்கள். மறுசோதனைக்கு அந்தப் பாதிப் பாறை மிஞ்சவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்கச் சுரங்க நிறுவனமான ஃப்ரீபோர்ட் பக்கத்திலேயே துளையிட்டுப் பார்த்தது. சொல்லும்படி தங்கம் இல்லை. நொறுக்கிய மாதிரியில் ஆற்றுத் தங்கத்தைக் கலந்திருக்கிறார்கள். ஆற்றில் உருண்ட துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும், அதுவே காட்டிக்கொடுத்தது.

இந்த அடிக்குப் பிறகு 2001இல் கனடா 43-101 விதியைக் கொண்டுவந்தது; சுரங்க நிறுவனங்கள் தாது விவரத்தை எப்படி வெளியிட வேண்டும் என்பதற்கான விதி இது. அதன்படி வெளியாகும் தொழில்நுட்ப அறிக்கைகள் சிடார் பிளஸ் (SEDAR+) என்ற, கனடா நிறுவன ஆவணங்களுக்கான தளத்தில் இலவசம். 11, 12ஆம் பகுதிகளை மட்டுமாவது படியுங்கள்: மாதிரியை யார் கையாண்டார், எந்த ஆய்வகம், அறிக்கை எழுதியவர் எதை நேரில் சரிபார்த்தார் என்பதெல்லாம் அங்கே இருக்கும். ‘ஊகிக்கப்பட்ட வளம்’ (inferred resource) என்பதைக் கையிருப்பு (reserve) என்று நினைத்துவிடாதீர்கள். லாபமாகத் தோண்ட முடியும் என்று அதற்கு யாரும் உறுதி சொல்லவில்லை.

அடுத்து, காலாண்டு அறிக்கையில் கையிலுள்ள ரொக்கத்தை மாதச் செலவால் வகுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக வந்தால், புதுப் பங்கு வெளியீடு பக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அது பெரும்பாலும் சந்தை விலையைவிடக் குறைவாக, வாரண்டும் (பின்னால் குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை) சேர்த்துத் தனியாருக்குப் போகும். கனடாவில் அப்படி வாங்கியவர்கள் பொதுவாக நான்கு மாதம் அந்தப் பங்கை விற்க முடியாது. அந்தத் தடை முடியும் தேதியைக் குறித்துவையுங்கள். பங்கை விற்று வாரண்டை மட்டும் வைத்துக்கொள்கிறவர்கள் அன்றுதான் வருவார்கள்.