தம்பியின் மாத்திரை அக்காவுக்கு ஆகாது

போன திங்கட்கிழமை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கிளினிக்குக்கு ஓர் அக்கா வந்தார். பல் துலக்கினால் ரத்தம், முழங்கைக்கு மேலே கத்தரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருக்கிறது, எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை என்கிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் 8.4. இருக்க வேண்டியது 2-க்கும் 3-க்கும் நடுவில்! ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை தீர்ந்துபோய், வரிசையில் நிற்கத் தயங்கித் தம்பியிடம் வாங்கி, தம்பி போடும் ஒன்றரை மாத்திரையையே ஒரு வாரம் போட்டிருக்கிறார். இவருடைய அளவு அரை மாத்திரை. “ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே ரத்தம்தானே” என்றார். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இந்த வருடம் இது நான்காவது தடவை, எனக்கு ஆறவில்லை.

ஒரே வயிறுதான். ஆனால் வார்ஃபரினைச் சிதைக்கும் கல்லீரல் நொதிக்கான மரபணு சிஒய்பி2சி9, மருந்து போய் அடைக்கும் நொதிக்கானது விகேஓஆர்சி1. இரண்டிலும் அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி வருகிறது. எந்தப் பிரதி என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஒரே வீட்டில் ஒருவனுக்குச் சுருட்டை முடி, இன்னொருவனுக்கு நேர்முடி இல்லையா? அப்படித்தான். மந்தமான நொதி வாய்த்தவருக்கு மருந்து உடம்பிலேயே தேங்கும்.

அரை மாத்திரை என்றால் வியாதி லேசு, ஒன்றரை என்றால் முற்றிவிட்டது என்றும் ஒரு நினைப்பு இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள். ஆறடி அண்ணன் ஒருவருக்கு அரையே போதும், ஒல்லியான ஆயா ஒருவருக்கு ஒன்றரை வேண்டியிருக்கிறது, இருவருக்கும் ஐ.என்.ஆர். 2.5. அளவைச் சொல்வது அந்த எண்தான், வியாதியின் கனம் இல்லை.

மரபணு டெஸ்ட் எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். வெள்ளைக்காரர்களிடம் அதிகம் உள்ள வகைகளை மட்டும் தேடும் டெஸ்ட், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் உள்ள சில வகைகளைத் தவறவிடும், இந்த ஊரில் அது சின்ன விஷயமில்லை. எடுத்தாலும் ஐ.என்.ஆர். பார்க்காமல் தீராது.

மறந்த வேளைக்குச் சேர்த்து இரண்டாகப் போடாதீர்கள். கடையில் விற்கும் தலைவலிப் பொடியில் ஆஸ்பிரின் இருக்கும், தொடவே வேண்டாம். டிபி மாத்திரை ஆரம்பித்தால் அன்றைக்கே சொல்லுங்கள், அதில் உள்ள ரிஃபாம்பிசின் வார்ஃபரினின் வேலையைக் குறைத்துவிடும். புரட்டாசியில் திடீரென்று தினமும் கீரை, அப்புறம் மாதக்கணக்கில் கீரையே இல்லை என்று இருக்காதீர்கள். எப்போதும் ஒரே அளவில் சாப்பிடுங்கள். தலையில் அடிபட்டாலோ மலம் தார் போலக் கறுத்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாத்திரை தீர்ந்தால் வரிசைக்குப் பயப்பட வேண்டாம். நேரே மருந்து ஜன்னலுக்கு வந்து ‘வார்ஃபரின் தீர்ந்தது’ என்று சொல்லுங்கள், நான் எழுந்து வருகிறேன்.