லைனரைக் கடைந்தால் 535 ஆகிவிடாது

500 சிசி வண்டியை 535 ஆக்கப் போய்க் கெட்டது, இந்த மாதமும் ஒன்று பட்டறைக்கு வந்துவிட்டது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலையில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் உருகிய அலுமினியம் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கிறது. பிஸ்டன் ஓடும் குழாயான பழைய 84 மி.மீ. லைனரையே ஏதோ ஒரு லேத்தில் 87-க்குக் கடைந்து, கான்டினென்டல் ஜிடி 535-இன் பிஸ்டனைப் போட்டிருக்கிறார்கள். ஹெட்டுக்கு அடியில் வைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் மட்டும் பழைய 500-உடையது! அதன் விளிம்பு போருக்குள், அதாவது பிஸ்டன் ஓடும் துளைக்குள், நீட்டிக்கொண்டு, கருகி நெளிந்து கிடந்தது. அந்தத் தகடு பழுக்கக் காய்ந்தால் ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். அப்புறம் பிஸ்டன் என்ன செய்யும், பாவம்.

"அண்ணே, ஸ்ட்ரோக் எல்லாத்துக்கும் ஒண்ணுதானே?" என்றார் வண்டிக்காரத் தம்பி. ஒன்றுதான், மறுக்கவில்லை. யூ.சி.இ. (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் வகை) இன்ஜினில் 350, 500, 535 மூன்றுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மி.மீ.தான். போரின் விட்டம் 70 என்றால் 346 சிசி, 84 என்றால் 499, 87 என்றால் 535. கணக்கு காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது.

எனக்கு எரிச்சல் வருவது வேறொரு நம்பிக்கையில்: சிசி ஏறினால் ஸ்பீடு ஏறும் என்பது. கம்பெனியே செய்து காட்டியதைப் பாருங்கள். கிளாசிக் 500-க்கு 27.2 குதிரைத்திறன், கான்டினென்டல் ஜிடி 535-க்கு 29.1. 36 சிசி கூட்டியும் இரண்டு குதிரை முழுதாகக் கிடைக்கவில்லை. வேகம் இரட்டித்தால் காற்றைத் தள்ள எட்டு மடங்கு பவர் வேண்டும். அதனால் இந்த ஏழு சதவீதத்தை வைத்துக்கொண்டு 120-இல் போகும் வண்டி 123-ஐத் தொட்டால் பெரிது. அதையும் ஸ்பீடோமீட்டர் முள் ஆடுகிற ஆட்டத்தில் உங்களால் பார்க்க முடியாது. வால்வும் அதைத் திறக்கும் கேமும் பழையதாகவே இருக்கும்போது டாப் எண்டில் இன்ஜின் எதை இழுத்து மூச்சு விடும்? கிடைப்பது டார்க், அதாவது இழுவை. 41.3 நியூட்டன் மீட்டர் 44 ஆகிறது. பின்னால் ஆளை வைத்துக்கொண்டு குன்னூர் மலை ஏறுகிறீர்களா, கியர் இறக்காமல் இழுக்கும். அது போதும் என்றால் செய்யுங்கள்.

350 வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்த ஆசையை விட்டுவிடுங்கள். பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க்கின் பேலன்ஸ் சின்ன பிஸ்டனுக்காகச் செய்தது. கனமான பிஸ்டனைப் போட்டால் ஹேண்டில்பாரில் கை மரத்துப்போகும். பேசாமல் நல்ல பழைய 500 ஒன்றைத் தேடி வாங்குங்கள்.

500 வைத்திருப்பவர்கள், லைனரைக் கடையாதீர்கள். சுற்றிலும் ஒன்றரை மி.மீ. சுவர் போய்விடும். 535 பிளாக், பிஸ்டன், ரிங், கேஸ்கெட் எல்லாம் செட்டாக வாங்குங்கள். பிஸ்டனை மைக்ரோமீட்டரிலும் போரை போர் கேஜிலும் மேலே, நடுவே, கீழே என்று அளக்காத பட்டறையில் வேலை கொடுக்காதீர்கள். விரலை விட்டுத் தடவிப் பார்த்து "சரியா இருக்கு" என்பவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கம்ப்யூட்டரான இசியு-வின் கதையையும் கேளுங்கள். புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். அது நிதானமாகப் போகும்போது. த்ராட்டிலை முழுக்கத் திருப்பினால் இசியு சென்சாரைக் கேட்பதில்லை, தன்னிடம் இருக்கும் மேப்பின்படியே பெட்ரோல் ஊற்றும். அது 499 சிசிக்கு எழுதிய மேப்.

சட்டமும் இருக்கிறது. ஆர்.சி. விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 திருத்தப்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் போடலாம். விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் கிளெய்மை மறுக்க நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாக ஆகும்.

இவ்வளவுக்குப் பிறகும் செய்தே தீருவேன் என்பவர்கள் புது பிஸ்டன் பழகும் ரன்-இன் காலம் முடியும் வரை முறுக்காதீர்கள், முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றுங்கள். ஏற்றத்தில் சில்லறையைக் குலுக்கின மாதிரி ஹெட்டில் சத்தம் கேட்டால் உடனே த்ராட்டிலை விட்டு ஓரம் கட்டுங்கள். வீடு வரை ஓட்டிவிடலாம் என்று பார்க்காதீர்கள். டாடா ஏஸில் ஏற்றி அனுப்புங்கள்.