பல்லிணை எக்கி: கியர் பம்புக்குத் தமிழ்ச் சொல்

ஆங்கிலத்தின் 'கியர்' பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. உடை, கருவி, தளவாடம் என்பவைதான் அதன் முதற்பொருள். பல் வைத்த சக்கரத்துக்கு அது பின்னால் ஏறிய பெயர். தமிழில் பல்லே பெயராக நிற்கிறது. நீலகிரியில் 'பற்சக்கரம்' என்றால் எவருக்கும் விளங்கும். 1899 முதல் குன்னூர் ஏறிவரும் மலை ரயில், செங்குத்தான பாதையில் நடுத் தண்டவாளத்தின் பற்களைப் பற்சக்கரத்தால் கவ்விக்கொண்டுதானே ஏறுகிறது! பாடநூல்களில் வரும் இன்னொரு சொல் பல்லிணை: பல் + இணை. பற்கள் ஒன்றோடொன்று பொருந்துவதையும் சேர்த்துச் சொல்வதால், இரண்டு பற்சக்கரங்கள் சுழன்று எண்ணெயைத் தள்ளும் கியர் பம்புக்கு அதுவே எனக்கு உகந்ததாகப் படுகிறது.

பம்புக்கு நீரேற்றி, இறைப்பான், எக்கி என்று பல பெயர்கள் உண்டு. மாணவர்கள் சோதனை செய்யும் ஆய்வகத்துக் கியர் பம்பில் ஓடுவது எண்ணெய். அதை நீரேற்றி என்பது பொருந்தாது. எக்கிக்கு அந்தத் தடை இல்லை. வயிற்றை எக்குகிறோம், அதாவது உள்ளே இழுக்கிறோம். எட்டாக் கிளையை எக்கிப் பறிக்கிறோம், அதாவது மேலே நீள்கிறோம். உறிஞ்சுதலும் உயர்த்துதலும் ஒரே வினைச்சொல்லில் இருக்கின்றன. பம்பின் வேலையும் இவ்விரண்டுதான்.

இதைக் கற்பிக்கும்போது பம்பின் மூடியைக் கழற்றி, சக்கரங்களைக் கையால் சுற்றிக் காட்ட வேண்டும். எண்ணெய் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே புகுந்து போகிறது என்றே பெரும்பாலான மாணவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பற்கள் பிரியும் பக்கம் இடம் விரிவதால் எண்ணெய் உறிஞ்சப்படுகிறது. பல்லிடுக்குகளில் நிரம்பி, பம்பின் வெளி உறையான கூட்டின் உட்சுவரை ஒட்டி வெளிப்புறமாகச் சுற்றிப் போகிறது. மறுபக்கம் பற்கள் கூடும்போது இடுக்கில் இடமில்லாமல் வெளியே தள்ளப்படுகிறது. கூடிய பற்களே எண்ணெய் திரும்பிவராமல் தடுப்பதால், உறிஞ்சவும் தள்ளவும் தனித்தனி வால்வு தேவையில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வானியல் அறிஞர் கெப்ளர் இத்தகைய எக்கியை வடிவமைத்தார்.

எக்கியின் செயல்திறனை அளக்கும் ஆய்வகச் சோதனை எளிது. சேகரிப்புத் தொட்டியில் எண்ணெய் 10 செ.மீ. உயர எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்டாப் வாட்ச்சில் பார்த்தால் பாய்வளவு கிடைக்கும். அதோடு அழுத்தமானி, வெற்றிடமானி அளவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் எக்கி தரும் திறன். எனர்ஜி மீட்டரிலிருந்து மோட்டார் வாங்கும் திறன். இரண்டின் விகிதமே செயல்திறன்.

மலை ஊர்களில் இச்சோதனைக்குக் கூடுதல் பாடம் ஒன்று உண்டு. உறைபனி விழும் மார்கழிக் காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும். பல்லுக்கும் கூட்டுக்கும் இடையே கசிந்து திரும்புவது குறையும், ஆனால் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும். மதியம் எண்ணெய் இளகியதும் கசிவு கூடும். காலையில் ஒரு குழு, மதியம் ஒரு குழு செய்து, இரண்டு அட்டவணைகளையும் அருகருகே வைத்துப் பேசச் சொல்லுங்கள். எண்ணெயின் வெப்பநிலையையும் குறிக்கச் சொல்ல வேண்டும்.

சுவிட்ச் போடும் முன் வெளியேற்று வால்வு திறந்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். சுழல் சக்கரத்தின் வேகத்தால் நீரை வெளியே வீசும் மையவிலக்கு எக்கி, வால்வை மூடினால் சிறிது நேரம் வெறுமனே சுழலும். பல்லிணை எக்கி அப்படி விடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் அடைத்த எண்ணெயைத் தள்ளியே தீரும். அழுத்தம் ஏறிக்கொண்டே போய்க் குழாயோ கூடோ உடையும், அல்லது மோட்டார் திணறி நிற்கும். அதைத் தடுக்கத்தான் ரிலீஃப் வால்வு, தமிழில் அழுத்தத் தணிப்பு வால்வு, இதில் வைக்கப்படுகிறது.