குளிர்ல ஓடப் போறீங்களா, முதல்ல அந்த காட்டன் பனியனைக் கழட்டி வைங்க

போன ஜனவரில ஒரு ஐயா என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தார். வயசு 52, டொரோன்டோவோட ஸ்கார்பரோ பகுதில வீடு, சொந்த ஊர் யாழ்ப்பாணப் பக்கம். வலது கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சுன்னுதான் வந்தார். எப்படி ஆச்சுன்னு கேட்டதுக்கு, ஹைலண்ட் கிரீக் ஓடை ஓரமா ஓடிட்டு இருந்தேன், நாலாவது கிலோமீட்டர்ல இழுத்துச்சு, அதுக்கு மேல ஓட முடியல, வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்னு சொன்னார். அன்னைக்கு வெளிய மைனஸ் 9. அப்புறம் போற போக்குல இன்னொண்ணு சொன்னார், வாசலுக்கு வந்து சாவியைப் பூட்டுக்குள்ள விடவே முடியலையாம், விரல் சொன்ன பேச்சு கேக்கல, பெல் அடிச்சு மக வந்து திறந்தா, அப்பாவுக்கு வார்த்தை குழறுதுன்னு அந்தப் பிள்ளை பயந்து போச்சாம்.

எனக்கு அவர் கால் வலியை விட இதுதான் பகீர்னு இருந்துச்சு. பேச்சு குழறுறது, விரல் நுணுக்கமான வேலை செய்ய முடியாம போறது, நடை தடுமாறுறது, இதெல்லாம் உடம்போட உள்சூடு 35 டிகிரியைத் தொட்டு அதுக்குக் கீழ இறங்க ஆரம்பிக்கும்போது வர்ற அறிகுறி. இன்னும் ஒரு மணி நேரம் வெளிய மாட்டியிருந்தா ஆம்புலன்ஸ்லதான் போயிருப்பார்.

என்ன போட்டுட்டுப் போனீங்கன்னு கேட்டேன். கை வச்ச காட்டன் பனியன், மேல காட்டன் டீ ஷர்ட், மேல மொத்தமான ஹூடி, அதுக்கும் மேல இறகு அடைச்ச வின்டர் ஜாக்கெட், கீழ காட்டன் டிராக் பேன்ட். இவ்ளோ எதுக்குன்னேன். "குளிருக்குத்தானே பிள்ளை போட்டனான்"னு சொன்னார்.

அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன். நம்ம எல்லாரும் அப்படித்தானே வளர்ந்தோம். மார்கழிப் பனின்னா காதுல பஞ்சு, தலையில குரங்கு குல்லா, ஸ்வெட்டர். எந்தத் துணின்னு கேட்டா காட்டன்தான் உடம்புக்கு நல்லதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. நான் கோயம்புத்தூர்ல இருந்து கிளம்பினப்ப என் அம்மா சூட்கேஸ்ல ஒரு டஜன் திருப்பூர் உருப்படி வச்சு விட்டாங்க, இந்த ஊர்ல பல தமிழ் வீட்டு அலமாரியைத் திறந்தா அதே மாதிரி ஒரு அடுக்கு இருக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு அந்தத் துணி தங்கம்தான், வேர்வையைக் குடிச்சு வச்சுக்கிட்டு மெதுவா காய விட்டு உடம்பைக் குளிர வைக்கும். அந்த குளிர வைக்கிற குணம் மைனஸ் 9-ல என்ன பண்ணும்னு யோசிச்சுப் பாருங்க. பதினோரு வருஷமா டொரோன்டோல பிசியோவா இருக்கேன், ஒவ்வொரு குளிர்காலமும் இதே கதை வேற வேற ஆள் வழியா என் டேபிளுக்கு வருது, அதான் இந்தத் தடவை உக்காந்து எழுதிடலாம்னு.

முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கணும், ஓடுற உடம்பு ஒரு அடுப்பு. 65 கிலோ இருக்கற ஒருத்தர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துல ஓடினா ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 650 கலோரி செலவாகும், அதுல கால்வாசிக்கும் குறைவாதான் காலை நகர்த்தப் போகுது, மிச்சம் முக்கால்வாசி சூடாவே வெளிய வருது. சும்மா சோபால உக்காந்திருக்கும்போது வர்ற சூட்டை விட இது ஆறேழு மடங்கு. அதனால ஓடும்போது குளிர் உங்களை அவ்வளவு சீக்கிரம் ஒண்ணும் பண்ணாது, வேர்வைதான் பண்ணும். உள்ள நனைஞ்ச துணி தோல்ல ஒட்டிக்கிட்டு இருக்கு, தண்ணி காத்தை விட சுமார் 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும், ஓடிட்டு இருக்கற வரைக்கும் அடுப்பு எரியறதால தெரியாது, சிக்னல்ல நின்னாலோ சுளுக்கி நடக்க வேண்டி வந்தாலோ அடுப்பு அணைஞ்சிரும், ஈரத்துணி மட்டும் மேலயே இருக்கும். ஐயாவுக்கு நடந்தது இதேதான்.

அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்ற கணக்கு, வெளிய இருக்கற டெம்பரேச்சரோட ஒரு பத்து டிகிரி கூட்டிக்கங்க, அந்த டெம்பரேச்சர்ல சும்மா நடக்கப் போனா என்ன போடுவீங்களோ அதைப் போட்டுட்டு ஓடுங்க. மைனஸ் 5-னா பிளஸ் 5-க்கு டிரஸ் பண்ணுங்க. வாசல்ல இறங்கின முதல் அஞ்சு பத்து நிமிஷம் லேசா குளிரணும். இறங்கும்போதே கதகதப்பா சுகமா இருந்துச்சுன்னா ரெண்டாவது கிலோமீட்டர்ல நனைஞ்சிருவீங்க, திரும்பிப் போய் ஒண்ணைக் கழட்டி வச்சிட்டு வாங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

இப்ப துணி. ஒரே மாதிரி காத்துல வச்சு அளந்தா காட்டன் தன்னோட எடையில எட்டு சதவீதத்துக்கு மேல ஈரத்தை இழுத்து வச்சுக்கும், பாலியெஸ்டர் அரை சதவீதம் கூட இழுக்காது, வேர்வை அது மேல பரவி வெளிப்பக்கமா போய்க் காயும். கம்பளி இன்னும் வேற ரகம், காட்டனை விட அதிகமாவே ஈரம் குடிக்கும், ஆனா நாருக்குள்ள வச்சுக்கும், நார் சுருள் சுருளா இருக்கறதால நடுவுல காத்து நிக்கும், அதனால நனைஞ்சாலும் ஓரளவு கதகதப்பு போகாது. கம்பளின்னதும் பள்ளிக்கூட ஸ்வெட்டர் மாதிரி குத்தும்னு நினைக்காதீங்க, மெரினோ கம்பளி நார் ரொம்ப மெலிசு, வெறும் தோல்ல போடலாம். விலைதான் கொஞ்சம் கூட. வேர்வை நாத்தம் சீக்கிரம் ஏறாது, அது ஒரு லாபம்.

கடையில தெர்மல்னு எழுதியிருந்தா உடனே எடுத்துடாதீங்க, உள்ள தச்சிருக்கற லேபிளைத் திருப்பிப் பாருங்க. காட்டன், விஸ்கோஸ், ரேயான், மோடல் இதெல்லாம் நிறைய கலந்திருந்தா அது பஸ் ஸ்டாப்ல நிக்கறதுக்கும் ஆபீஸ் போறதுக்கும் நல்ல துணி, ஓடறதுக்கு ஆகாது. புதுசா செலவு பண்ணணும்னு கூட இல்ல, ஏதாவது ரேஸ் ஓடியிருந்தா குடுத்த பாலியெஸ்டர் டீ ஷர்ட் வீட்ல சும்மா கிடக்கும்ல, உடம்பை ஒட்டின சைஸா இருந்தா அதுவே உள் லேயருக்குப் போதும். துவைக்கும்போது துணி மிருதுவாக்குற லிக்விட் மட்டும் ஊத்தாதீங்க, அது நார் மேல படிஞ்சு வேர்வை பரவ விடாம பண்ணிரும், நல்ல துணி வாங்கியும் ஏன் நனையுதுன்னு கேக்கறவங்ககிட்ட நான் முதல்ல கேக்கற கேள்வியே அதுதான்.

எத்தனை லேயர்னா, என் அனுபவத்துல பூஜ்ஜியத்துல இருந்து மைனஸ் 5 வரைக்கும் பெரும்பாலானவங்களுக்கு உடம்பை ஒட்டின ஒரு முழுக்கை, அதுக்கு மேல மெல்லிசா காத்தை மறிக்கிற ஜாக்கெட், கீழ ஒரு டைட்ஸ், அதாவது காலை ஒட்டின பேன்ட், இது போதும். மைனஸ் 5-லிருந்து மைனஸ் 15 வரைக்கும்னா நடுவுல மெல்லிசா மெத்துன்னு ஒரு ஃப்ளீஸ் துணி, டைட்ஸ் உள்பக்கம் பிரஷ் பண்ணின மொத்த ரகம். நடு லேயருக்குக் கழுத்துல ஜிப் இருக்கறதா பாத்து வாங்குங்க, சூடு ஏறும்போது நாலு இன்ச் இறக்கினா போதும், முழு ஜாக்கெட்டையும் திறந்து போட்டு நெஞ்சுல நேரா காத்து வாங்க வேண்டாம். மழைக்கோட்டு மாதிரி தண்ணியே புகாத ஜாக்கெட் வேண்டாம், வெளித் தண்ணி உள்ள வராது சரி, உள் வேர்வையும் வெளிய போகாது. இறகு ஜாக்கெட் ஓடறதுக்கே கிடையாது.

காத்தைப் பத்தி தனியா சொல்லணும். மைனஸ் 10-ல மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்காத்து அடிக்குது, நீங்க 10-ல ஓடறீங்க, அப்ப உங்க முகத்துல படறது 30, விண்ட் சில், அதாவது காத்தையும் சேத்து தோலுக்கு உறைக்கிற குளிர், அந்தக் கணக்குப் போட்டா அது மைனஸ் 20 மாதிரி. அதே காத்து முதுகுப் பக்கம் இருந்தா உங்க மேல படறது 10 மட்டும்தான், அதுவும் முதுகுலதான், மைனஸ் 15 மாதிரி. அதனால போகும்போது காத்தை எதிர்த்துப் போங்க, வரும்போது காத்து தள்ளிட்டு வரட்டும். மாத்திச் செஞ்சா வேர்த்து நனைஞ்ச உடம்போட எதிர்காத்துல மாட்டுவீங்க, ஏரிக்கரை மார்ட்டின் குட்மன் பாதையில ஓடறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். விண்ட் சில் மைனஸ் 28-ஐத் தொட்டுச்சுன்னா மூடாத தோல் 10-லிருந்து 30 நிமிஷத்துல உறைய ஆரம்பிக்கலாம்னு கனடா வானிலைத் துறையே சொல்லுது. அன்னைக்கு டிரெட்மில்ல ஓடுங்க, இல்ல ரெஸ்ட் எடுங்க. மார்ச் கடைசி வாக்குல ஹாமில்டன்ல நடக்கற அரவுண்ட் தி பே 30 கிலோமீட்டர் ரேஸுக்கு ரெடி ஆகறவங்கதான் இதைக் கேக்க மாட்டாங்க, 1894-ல தொடங்கின ரேஸ், பாஸ்டன் மாரத்தானை விட மூணு வருஷம் மூத்தது, ஓடணும்னு ஆசை வர்றது நியாயம்தான், ஆனா ஜனவரி பிப்ரவரில ஒரு நாள் வெளிய ஓடலைன்னா அந்த ரேஸ் கை விட்டுப் போகாது.

தலை வழியாதான் பாதிச் சூடு போகுதுன்னு ஒரு பேச்சு உண்டு, அது சரியில்ல, தலை உடம்புத் தோல்ல பத்துல ஒரு பங்குதான், சூடும் அந்த அளவுலதான் போகும். ஆனா காது மடல், மூக்கு நுனி, விரல் இதெல்லாம் சீக்கிரம் உறையும், குளிர்ல உடம்பு ரத்தத்தை உள்ள இழுத்துக்கறப்ப முதல்ல பட்டினி கிடக்கறது இவங்கதான். காதை மூடற மெல்லிசான தொப்பி இல்ல பட்டை, கழுத்துல இருந்து மூக்கு வரைக்கும் இழுத்துக்கற மாதிரி ஒரு துணி வளையம். கைக்கு, மைனஸ் 10-க்குக் கீழன்னா விரல் விரலா பிரிஞ்ச கிளவுஸை விட நாலு விரலும் ஒண்ணா இருக்கற மிட்டன் நல்லது, விரல் ஒண்ணுக்கொண்ணு சூடு குடுத்துக்கும். நிறைய பேர் விடற இடம் கணுக்கால், டைட்ஸ் முடியற இடத்துக்கும் குட்டி சாக்ஸ் ஆரம்பிக்கற இடத்துக்கும் நடுவுல ரெண்டு இன்ச் வெறும் தோல் தெரியும், கெண்டைக்காலைக் குதிகாலோட சேக்கற தசைநாண் அங்கதான் இருக்கு, சிவந்து எரிஞ்சு போய் வருவாங்க. உசரமான ஒரே ஒரு கம்பளி சாக்ஸ் போடுங்க. ரெண்டு சாக்ஸ் போட்டு ஷூவுக்குள்ள திணிச்சா ரத்த ஓட்டம் நெரிஞ்சு இன்னும் குளிரும்.

ஆம்பளைங்க யாரும் வாயைத் திறந்து கேக்க மாட்டாங்க, நானே சொல்லிடறேன். முன்பக்கம் காத்து மறிக்கிற துணி வச்ச உள்ளாடை ஓடறவங்களுக்குன்னே கிடைக்குது, வாங்கிப் போடுங்க. சாதாரண உள்ளாடை, பேன்ட்டோட மைனஸ்ல ஓடி அந்த இடத்துல குளிர்க்காயம் பட்ட ஒருத்தரோட அனுபவம் 1977-லயே அமெரிக்க மருத்துவ இதழ்ல வந்திருக்கு, பாதிக்கப்பட்டவரே ஒரு டாக்டர். பொண்ணுங்களுக்கு, ஸ்போர்ட்ஸ் பிராதான் முதல்ல நனையற துணி, கடைசில காயறதும் அதுதான். காட்டன் லைனிங் இல்லாததா பாருங்க, ஓடி முடிச்சதும் ஜாக்கெட்டை மாத்தறதுக்கு முன்னாடி அதை மாத்துங்க.

உடுப்பு சரியா இருந்தும் சிலர் வெளிய ஓடறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசணும். இதய நோய் இருக்கறவங்க, குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கி பிரஷர் ஏறும், நெஞ்சு இறுக்கம் வந்தா அது குளிர்னால வந்ததுன்னு நினைச்சு ஓடிட்டே இருக்காதீங்க. ஆஸ்துமா இருக்கறவங்க வாயை மூடின துணி வழியா மூச்சு விடுங்க, குளிர்ந்த வறண்ட காத்து மூச்சுக்குழாயை இறுக்கும். நம்ம ஆளுங்கள்ல சுகர் இருக்கறவங்க நிறைய, பாதத்துல மரமரப்பு இருந்தா கால் உறையறது உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஓடி வந்து சாக்ஸைக் கழட்டினதும் விரலிடுக்கு வரைக்கும் கண்ணால பாருங்க.

ஐயா மார்ச்ல கால் சரியாகி மறுபடி ஓட ஆரம்பிச்சார், ஒரு உள் முழுக்கை, ஒரு மெல்லிசு ஜாக்கெட், அவ்வளவுதான். ரெண்டு தெரு தள்ளி போற வரைக்கும் குளிருது பிள்ளைன்னார், சரியா போட்டிருக்கீங்கன்னு சொன்னேன். டிசம்பர்ல நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டிரும்ன்றதால ரிஃப்ளெக்டர் பட்டை ஒண்ணும், ஐஸ் மேல ஷூவுல மாட்டற முள்ளும் வாங்க வச்சிருக்கேன். காலை அகட்டாம சின்னச் சின்ன எட்டா வச்சு ஓடச் சொல்லியிருக்கேன்.

வீட்டுக்கு வந்ததும் போனைப் பாக்காதீங்க, பத்து நிமிஷத்துக்குள்ள நனைஞ்சதெல்லாம் கழட்டி உலர்ந்த துணி மாத்துங்க, கார்ல போய் ஓடறவங்க ஒரு செட் கார்லயே வைங்க. விரலோ காதோ வெளுத்து மரத்துப் போயிருந்தா தேய்க்காதீங்க, பனியை வச்சுத் தேய்க்கறது கூடவே கூடாது, ஹீட்டர்ல நேராக் காட்டாதீங்க, மரத்த தோல் வெந்தாலும் தெரியாது. விரலை முழங்கையை வச்சுப் பாத்தா இதமா இருக்கற வெதுவெதுப்பான தண்ணில, 37-லிருந்து 39 டிகிரி, முக்கி வைங்க, காதுக்கு உள்ளங்கைச் சூடு இல்ல அதே வெதுவெதுப்புல நனைச்ச துணி. நிறம் திரும்பும்போது சுருக்கு சுருக்குன்னு வலிக்கும், அது நல்லதுதான். அரை மணி நேரம் ஆகியும் வெளுப்பு போகலைன்னாலோ, கொப்புளம் வந்தாலோ, தோல் மெழுகு மாதிரி கெட்டியா இருந்தாலோ அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போயிடுங்க, காலையில பாத்துக்கலாம்னு படுத்துடாதீங்க.