மியூசியம்: ஒன்பது தேவியரின் இடம்

மியூசியம் என்ற சொல்லுக்குள் ஒன்பது பெண் தெய்வங்கள் குடியிருக்கிறார்கள். கிரேக்கத்தில் ‘மூசா’ என்றும் ஆங்கிலத்தில் ‘மியூஸ்’ என்றும் அவர்களுக்குப் பெயர். மூசாக்களுக்கு உரிய இடம் ‘மூசேயோன்’. அது லத்தீனில் ‘மூசேயும்’ ஆகி, ஆங்கிலம் வழியாக நம்மிடம் மியூசியமாக வந்து சேர்ந்தது. மியூசிக் என்பதும் இதே குடும்பம்தான். மூசாக்களின் கலை ‘மூசிகே’. கிரேக்கர்கள் அந்தப் பெயரில் பாட்டோடு கவிதையையும் ஆட்டத்தையும் சேர்த்தே சொன்னார்கள்.

யார் இந்த ஒன்பது பேர்? கி.மு. 700ஐ ஒட்டி வாழ்ந்த ஹெசியட் என்ற கவிஞர் இவர்களின் பிறப்பைப் பாடியிருக்கிறார். கிரேக்கத் தெய்வங்களின் அரசனான ஜீயஸ், நெமோசினி என்ற தேவியோடு ஒன்பது இரவுகள் கூடியிருந்தான். ஒன்பது பெண்கள் பிறந்தார்கள். நெமோசினி என்றால் நினைவு. ஏட்டைப் பார்த்துப் படிக்காமல் மனத்திலிருந்தே பாடிய பாணர்களின் காலம் அது. கலைகளுக்கெல்லாம் தாய் நினைவுதான் என்று அவர்கள் வைத்ததில் வியப்பில்லை.

ஹெசியட் ஹெலிக்கான் மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது மூசாக்கள் எதிர்ப்பட்டார்களாம். வரம் தருவதற்கு முன் ஒரு திட்டு: வயிற்றைத் தவிர வேறொன்றும் அறியாத இடையர்களே! அப்புறம்தான் தங்களைப் பற்றிச் சொல்கிறார்கள். பொய்யை மெய் போலவே சொல்லத் தெரியும், மனம் வைத்தால் மெய்யையும் சொல்லத் தெரியும் என்கிறார்கள். தெய்வங்கள் இப்படி வெளிப்படையாகப் பேசுவது அபூர்வம். கையில் ஒரு லாரல் மரக்கொம்பைக் கொடுத்து, பாடும் குரலையும் ஊதிவிட்டுப் போனார்கள்.

ஒன்பது பேரையும் அவரே பட்டியல் இடுகிறார். யாருக்கு எந்தத் துறை என்ற பங்கீடு பிற்காலத்தில் உறுதிப்பட்டது. கல்லையோப்பிக்குக் காப்பியம், மெல்பொமினிக்கு அவல நாடகம், தாலியாவுக்கு நகைச்சுவை, தெர்ப்சிக்கோரிக்கு ஆட்டம். கிளியோவுக்கு வரலாறும் யுரேனியாவுக்கு வானியலும் போயின. கலைத் தெய்வங்களின் கையில் வானியலா என்று நமக்குத் தோன்றும், அவர்களுக்குத் தோன்றவில்லை.

மூசேயோன் என்றதும் வரலாற்றில் முதலில் நினைவுக்கு வருவது எகிப்தின் அலெக்சாந்திரியா. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தாலமி அரசர்கள் அரண்மனை வளாகத்திலேயே அதை நிறுவினார்கள். உலாவ ஒரு மண்டபம், உட்கார்ந்து பேச ஒரு கூடம், அறிஞர்கள் சேர்ந்து உண்ணப் பெரிய வீடு, தலைவராக அரசர் நியமித்த ஒரு பூசாரி என்று ஸ்ட்ராபோ என்ற கிரேக்கப் புவியியலாளர் எழுதிவைத்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டி, நுழைவுச் சீட்டு எதுவும் கிடையாது. அரசன் செலவில் சாப்பிட்டுவிட்டு ஓயாமல் சண்டை போடும் பறவைகளின் கூண்டு என்று திமோன் என்ற கவிஞர் கிண்டல் செய்தார். நிழலை வைத்து பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட எரட்டோஸ்தனிஸ் இருந்ததும் இந்தக் கூட்டத்தில்தான்.

பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் இடம் என்ற அர்த்தம் பிற்பாடு வந்தது. ஐரோப்பாவில் அரிய பொருள் சேர்ப்பவர்கள் தங்கள் அறைகளுக்கு இந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். ஆக்ஸ்போர்டில் ஆஷ்மோலியன் 1683இலும் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் 1759இலும் திறந்தபோது அர்த்தம் நிலைத்துவிட்டது.

சென்னைக்கு 1851இல் வந்தது. நுங்கம்பாக்கத்தில் காலேஜ் என்று வழங்கிய கட்டடத்தில் தொடங்கி, பிறகு எழும்பூரில் பாந்தியன் என்ற மாளிகைக்கு மாறியது. பாந்தியனும் கிரேக்கச் சொல்தான்: எல்லாத் தெய்வங்களுக்கும் உரியது என்று பொருள். ஒன்பது தேவியரின் பெயர் கொண்ட ஒன்று எல்லாத் தெய்வங்களின் வீட்டில் குடியேறியதை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஊர் மக்கள் வைத்த பெயரோ ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சிசாலை ‘உயிர்க் காலேஜ்’.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? அருமை, காட்சி, அகம் சேர்ந்த ‘அருங்காட்சியகம்’ இன்றைய பொருளுக்குக் கச்சிதம். இலங்கையில் ‘நூதனசாலை’ என்ற சொல்லும் வழக்கில் உண்டு. நூதனம் என்றால் புதுமை. பழம்பொருள் இருக்கும் இடத்துக்கு அந்தப் பெயர் என்பது ஒரு வேடிக்கை.

ஆனால் அலெக்சாந்திரியாவைப் பற்றி எழுதும்போது அருங்காட்சியகம் என்று போடுவது பிழை. அங்கே வேலையே வேறு. ‘மூசேயோன்’ என்றே எழுதலாம். தமிழாக வேண்டுமென்றால் ‘கலைத்தேவியர் கோட்டம்’ பொருந்தும். மியூஸைக் ‘கலைமகள்’ என்று பெயர்க்கும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெயரைப் பார்த்ததும் வீணையும் வெண்தாமரையும் வந்துவிடும், ஹெலிக்கான் மலை வராது. போதாக்குறைக்கு, ஒன்பது பேரை ஒருத்தியாகச் சுருக்கிவிடுகிறோம்.