சம்பளம் வந்தாச்சு, கையிருப்பு வரவில்லை

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2021இல். கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு பொறியியல் சேர்ந்தவர்கள் 2025இல் படித்து முடித்துவிட்டார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கமிருந்து கிளம்பிய பிள்ளைகள் இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் கழுத்தில் அடையாள அட்டையோடு லிஃப்டுக்குக் காத்து நிற்கிறார்கள். இவர்களுக்கு மூத்தவர்கள், 2010இல் தொடங்கிய முதல் பட்டதாரி கட்டணச் சலுகையில் படித்தவர்கள். அவர்களில் சிலர் இன்று டீம் லீட், மேனேஜர்.

நான் மனிதவளத் துறையில் இருக்கிறேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஆரம்பித்து, இப்போது மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு ஆள் எடுக்கிறேன். வேலூர் வட்டாரக் கல்லூரிகளுக்கு நேர்காணல் நடத்தப் போவதால் இந்தப் பிள்ளைகளை இரண்டு முனையிலும் பார்க்கிறேன். வேலைக்கான ஆர்டர் வாங்கும்வரை சொல்லிக்கொடுக்கக் கல்லூரியில் ஆள் உண்டு. வாங்கிய பிறகு வருகிற சங்கடங்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அவற்றை "பையனுக்குத் தன்னம்பிக்கை போதவில்லை" என்று முடித்துவிடுவது எங்கள் துறையில் வழக்கம். நான் பார்த்த அளவில் பாதிக்கு மேல் அது தன்னம்பிக்கை விஷயமே இல்லை. காசு விஷயம்.

முதல் மாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் மாதக் கடைசியில். சேர்ந்த தேதி மாதத்தின் பிற்பாதியில் விழுந்தால், பல நிறுவனங்களில் அந்த நாட்களின் சம்பளமும் அடுத்த மாதத்தோடு சேர்ந்துதான் வரும். அதற்குள் தங்கும் விடுதிக்கு (பிஜி) அட்வான்ஸ், முதல் மாத வாடகை, இரண்டு செட் ஃபார்மல் துணி, ஷூ. (அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வருஷக்கணக்காக ஷூவின் மேல்பாகம் தைத்துக்கொண்டிருப்பார், மகன் முதல் தோல் ஷூவைக் காசு கொடுத்து வாங்குவது வேலையில் சேருவதற்காக.) இந்தப் பணம் எங்கிருந்து வரும்? கம்மல் அடகுக்குப் போகும், இல்லையென்றால் மகளிர் குழுவில் இன்னொரு கடன். ஆக, முதல் சம்பளம் வருவதற்கு முன்பே அதற்கு வட்டி ஓட ஆரம்பித்துவிடுகிறது.

இடம் மாறி வருவதற்கான செலவைப் பல நிறுவனங்கள் தருகின்றன. ஆனால் பில் கொடுத்தால், அதுவும் பிறகு. சேருவதற்கு முன்பே மின்னஞ்சலில் "முன்பணம் கிடைக்குமா, முதல் சம்பளம் எந்தத் தேதி?" என்று கேட்டுவிடுங்கள். இதைக் கேட்டதற்காக ஒருவருடைய ஆர்டர் ரத்தாகி நான் பார்த்ததில்லை. கூடவே இன்னொன்று: அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கேட்டால் காட்டுங்கள், கையோடு வாங்கி வந்துவிடுங்கள். நிறுவனத்திலேயே இருக்கட்டும் என்றால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.

இதைவிட மோசம் "நீ போட்டுக்கோ, அப்புறம் கிளெய்ம் பண்ணிக்கலாம்" என்கிற ஏற்பாடு. என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான். புனேயில் வாடிக்கையாளரைப் பார்க்கப் போகச் சொன்ன ஒவ்வொரு முறையும் அவர் ஏதாவது காரணம் சொன்னார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் விசேஷம், இப்படி. மதிப்பீட்டில் மேனேஜர் "பயணத்தில் ஆர்வமில்லை" என்று எழுதிவிட்டார். பேசிப் பார்த்ததில், ஓட்டலில் கார்டில் பிடித்து வைக்கும் டெபாசிட், விமான நிலையத்திலிருந்து வண்டி, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டினால் வருகிற தொகை அந்த வாரம் அவர் கணக்கில் இல்லை. கிளெய்ம் பணம் திரும்பி வர ஆறு வாரம் ஆகும், ஊரில் குழுத் தவணை அதுவரை காத்திருக்காது. நிறுவனமே ஓட்டலுக்குக் கட்டி, கைச்செலவுக்கு முன்பணமும் கொடுத்ததும் அடுத்த பயணத்துக்கு அவரே பெயர் கொடுத்தார்.

இந்த இடத்தில் நிறுவனங்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. கோடிகளில் வரவுசெலவு பார்க்கிற அலுவலகம், இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் ஆறு வாரத்துக்கு வட்டியில்லாக் கடன் வாங்குகிறது. அதற்கு விதிமுறை என்று பெயர் வேறு.

மேனேஜர்கள் யோசிக்க வேண்டிய கணக்கு இன்னொன்று. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இரண்டு பேர், இருவர் கைக்கும் மாதம் 32,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய அப்பா ராணிப்பேட்டை பெல் (BHEL) தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சொந்த வீடு. அந்த 32,000 முழுக்க அவருடையது. மாதக் கடைசியில் இடித்தால் வீட்டிலிருந்து அனுப்புவார்கள். இன்னொருவருடைய அம்மா பீடி சுற்றுகிறார், அப்பாவுக்குக் கட்டட வேலை. அவர் சம்பளத்திலிருந்து கல்விக் கடன் தவணை, தம்பிக்கு ஃபீஸ், ஆயாவின் மருந்து, அடகு வைத்த நகைக்கு வட்டி என்று முதல் வாரத்திலேயே போய்விடும். இவருக்கு இடித்தால் அனுப்ப ஆளில்லை, இவரே அனுப்புகிற ஆள். டீம் லஞ்ச் பில்லைத் தலைக்குச் சமமாகப் பிரிப்பதும், பிறந்தநாளுக்குத் தலைக்கு 500 வசூலிப்பதும் இந்த இரண்டு பேருக்கும் ஒன்றாகுமா? வெளியே போவதென்றால் எவ்வளவு ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். வராதவரை "என்னப்பா, எப்பவும் நழுவுறே" என்று குடையாதீர்கள்.

பேச்சு அடுத்த சிக்கல். ஆம்பூர் என்றதும் பிரியாணியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவார்கள். அப்புறம் "அப்பா என்ன பண்றார்?" அப்புறம் "ஊர்ல எந்தப் பக்கம்?" கடைசிக் கேள்வி எதைத் தேடி வருகிறது என்று வட ஆற்காட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வர்க்கம் வேறு, சாதி வேறு என்று கருத்தரங்கில் பிரித்துப் பேசலாம். ஊரும் காலனியும் தனித்தனியாக இருக்கிற இடத்திலிருந்து வருகிறவருக்கு அது அவ்வளவு சுலபமாகப் பிரிவதில்லை. "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம், தப்பே இல்லை. வீட்டுக் கதையைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

பயிற்சி வகுப்பில் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து "மறக்க முடியாத ஃபேமிலி ட்ரிப்" கேட்கிறவர்களே, அதை நிறுத்துங்கள். கோடை விடுமுறையில் தறிக்கு நூல் சுற்றிக்கொடுத்த பிள்ளை அந்த நிமிடத்தில் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருக்கிறது. இதன் மறுபக்கமும் உண்டு: அதே பிள்ளையை ஆண்டு விழா மேடையில் ஏற்றி, அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்ததைச் சொல்லச் சொல்லி, எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவது. அவராகக் கேட்டால் சரி. நாமாக ஏற்பாடு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. மறுநாள் அவர் அதே ஆட்களோடு உட்கார்ந்து தான் எழுதிய புரோகிராமில் தப்பில்லை என்று வாதாட வேண்டியிருக்கும்.

மதிப்பீட்டு நேரத்தில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம், "இதுவே பெரிசு சார்." வீட்டில் இதுவரை யாரும் பார்க்காத தொகை, உண்மைதான். ஆனால் ஒரே வேலைக்கு ஒருவர் ஆண்டுக்கு 3,50,000க்கும் இன்னொருவர் பேரம் பேசி 4,20,000க்கும் சேர்ந்தால் இடைவெளி 70,000. இருவருக்கும் 10 சதவீதம் உயர்வு என்றால் அடுத்த ஆண்டு அதுவே 77,000. சதவீதக் கணக்கில் அந்த இடைவெளி வளருமே தவிரக் குறையாது. நன்றியுணர்ச்சி வேறு, சம்பளப் பேச்சு வேறு. உங்கள் வேலைக்கு வெளியே என்ன விலை என்று விசாரித்துக்கொண்டு, செய்து முடித்ததை எழுதி எடுத்துப் போய்க் கேளுங்கள். இல்லை என்றால் இல்லை, கேட்டதற்கு யாரும் வேலையை விட்டு அனுப்புவதில்லை. விடுப்புக்கும் இதே கதைதான். வேலை போய்விடும் என்கிற பயத்தில் லீவே எடுக்காமல், ஞாயிற்றுக்கிழமையும் போனை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள்தான். அது தெரிந்தே அவர்கள் தலையில் வேலையைக் கட்டுகிற மேனேஜர்களும் இருக்கிறார்கள்.

ஊருக்கு வந்தால் நிலைமை தலைகீழ். காட்பாடியில் ரயில் விட்டு இறங்கியதுமே அவர் லட்சத்தில் சம்பளம் வாங்குகிற ஆள். சிடிசி, அதாவது நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு, 4,50,000 என்று ஆர்டரில் இருந்தால், வீட்டில் பன்னிரண்டால் வகுத்து மாதம் 37,500 என்று முடிவு செய்துவிடுவார்கள். அதற்குள் நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி (பிஎஃப்), பணிக்கொடை, காப்பீட்டு பிரீமியம், வருஷ முடிவில் வந்தால் வரும் ஊக்கத்தொகை எல்லாம் ஒளிந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த 37,500ஐ நம்பி அக்கா கல்யாணத்துக்கு மண்டபம் பேசுவார்கள். பே ஸ்லிப்பை அம்மாவுக்குக் காட்டி, எது கைக்கு வரும், எது வராது என்று வரி வரியாகச் சொல்லுங்கள். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. மாதம் வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை அப்போதே பேசி வைத்துக்கொண்டால், மாமா, சித்தப்பா கடன் கேட்கும்போது அம்மாவே பதில் சொல்லிவிடுவார். வேலை மாறும்போது பணமுடை என்று பிஎஃப்பை எடுக்காதீர்கள். பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு தொடர் பணிக்கு முன் எடுத்தால் பொதுவாக வரியும் உண்டு.

காப்பீட்டில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது. பிள்ளை வேலைக்குப் போனதும் வருமானச் சான்று புதிதாக எடுக்கும் நாளில் வீடு அந்த வரம்பைத் தாண்டியிருக்கும். நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்கப் பல இடங்களில் வழி உண்டு. ஆனால் சேர்ந்த சில வாரங்களுக்குள் பெயர் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்க வேண்டியதுதான். பிரீமியம் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதால் முதல் மாதம் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தாலும் சேர்க்கலாமா, ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே செல்லுமா, தவணையாகப் பிடிப்பார்களா என்று மூன்று கேள்வியை எழுதி மனிதவளத் துறைக்குச் சேர்ந்த வாரமே அனுப்புங்கள். பதில் வரவில்லையென்றால் நேரில் போய் நில்லுங்கள். எங்களுக்குச் சம்பளம் கொடுப்பது இதற்கும் சேர்த்துத்தான்.