பதினைந்து பேர், ஒரே நடை

'தகிட தகிட' என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் நடுவிலிருக்கும் 'கி'யை விழுங்கிவிட்டு, அந்த இடத்தையும் 'த'வுக்கே கொடுங்கள்: தா-ட, தா-ட. ஸ்விங் என்ற அமெரிக்க ஜாஸ் நடன இசையின் நடை கிட்டத்தட்ட இதுதான். ஒரு துடிப்பைச் சரிபாதியாக வெட்டாமல் முன்பாதியை நீட்டுவார்கள். வேகம் கூடக்கூட அந்த நீட்டல் குறைந்து, இரண்டும் சமமாகிக்கொண்டே வரும். இதை எழுதிக் காட்ட முடியாது, காதால்தான் பிடிக்க வேண்டும்.

ஒருவர் வாசிக்கலாம், சரி. பதினைந்து பேர்? 1920-களின் அமெரிக்க நடனக் கூடங்களில் ஆள் கூடினால்தான் சத்தம் கூடும். ஆளாளுக்குக் கற்பனையாக வாசித்தால் சந்தைக் கூச்சல்தான். நியூயார்க்கில் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவுக்கு இசைக்கோவை எழுதிய டான் ரெட்மன், சாக்ஸபோன்களை ஓர் அணியாகவும் பித்தளைக் குழல்களை இன்னோர் அணியாகவும் பிரித்தார். ஓரணி கேட்கும், மற்றது பதில் சொல்லும். நடுவே ஒருவர் எழுந்து தன் மனம்போல வாசித்துவிட்டு உட்காருவார்.

அடியில் தாளத்தைத் தாங்குபவர்கள் தனி. கவுண்ட் பேஸி குழுவில் 1937-ல் சேர்ந்த ஃப்ரெடி கிரீன், மின் இணைப்பில்லாத கிட்டாரில் துடிப்புக்கு ஒரு மீட்டு என்று வாசித்துக்கொண்டே இருப்பார். அதைத் தனியாகக் கேட்பதே கஷ்டம். அது நின்றுபோனால்தான் இருந்தது தெரியும்.

1935 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் பாலோமர் கூடத்தில் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேன் தன் குழுவோடு வாசித்தபோது கூட்டம் உற்சாகத்தில் கொந்தளித்தது. அவர் கையிலிருந்த கோவைகளில் பல ஹெண்டர்சனுடையவை. கறுப்பரான ஹெண்டர்சனின் சொந்தக் குழு அதற்கு முந்தைய வருடமே கலைந்துவிட்டது. 'ஸ்விங் மன்னர்' பட்டம் வெள்ளையரான குட்மேனுக்குப் போனது. எனக்கு இது இன்னும் உறுத்துகிறது.

பிறகு இரண்டாம் உலகப் போர். வாசிப்பவர்களைப் பட்டாளம் இழுத்துக்கொண்டது. ஊர் ஊராகப் போகும் பஸ்ஸுக்கு டயரும் பெட்ரோலும் ரேஷன். ரெக்கார்டுகள் தங்கள் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்டில் ஒலிப்பதிவை நிறுத்தியது. பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை! வாத்தியத்துக்குப் பதில் கோரஸை வைத்துப் பதிவு செய்தார்கள். 1944 நவம்பரில் பெரிய ரெக்கார்டு கம்பெனிகளும் சங்கத்தின் வழிக்கு இறங்கிவருவதற்குள் பாடகரின் பெயர் முன்னுக்கு வந்துவிட்டது. அதே வருடம், ஆட்டமோ பாட்டோ உள்ள விடுதிகளுக்கு 30 சதவீத வரி. வெறும் வாத்திய இசைக்கு வரியில்லை. பல முதலாளிகள் ஆடும் தளத்தையே மூடினார்கள்.

போதாக்குறைக்கு மைக்கும் மின்கிட்டாரும். ஐந்து பேரே கூடத்தை நிரப்பும்போது பதினைந்து பேருக்கு எதற்குச் சம்பளம்? 1946 முடிவதற்குள் குட்மேன், டாமி டார்சி, ஹாரி ஜேம்ஸ் எனப் பலர் குழுவைக் கலைத்தார்கள்.

1950-ல் பேஸியும் சின்னக் குழுவுக்கு இறங்கினார். அதில் கிரீனுக்கு இடமில்லை. ஒருநாள் கிட்டாரோடு அவரே வந்து உட்கார்ந்துவிட்டார் என்பார்கள்.